எஞ்சினின் நாடி
ஒரு சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருப்பதை, எஞ்சினைக் கழற்றாமலே காட்டிக்கொடுப்பது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அமுக்கி மேலேறும்போது மோட்டாருக்குச் சுமை கூடுகிறது, மின்னோட்டமும் கூடுகிறது. பற்றரி வயரைக் கவ்வும் கிளாம்ப் மீட்டரும் ஓர் அலைகாட்டியும் இருந்தால் அந்த மின்னோட்டம் முகடு முகடாகத் திரையில் எழும். எரிபொருளை நிறுத்தி, எஞ்சினைப் பற்றவிடாமல் சில விநாடி சுழற்றினால் போதும். மூன்று சிலிண்டர் ஆல்ட்டோ காரில் ஒவ்வொரு மூன்றாவது முகடும் தாழ்ந்தால் நோய் அங்கேதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, கார்கள் 2025இல்தான் மீண்டும் வரத் தொடங்கிய இலங்கையில், மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பழைய டொல்பின் டீசல் வேன்களுக்கு இச்சோதனை பேருதவி. டீசல் எஞ்சினில் க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி அமுக்கமானி பொருத்துவது நீண்ட வேலை, துருவேறிய பிளக் முறிந்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். வாவிக்கரை உப்புக்காற்றில் பச்சை பூத்த பற்றரி முனைகளை மின்னோட்டச் சோதனைக்கு முன்னரே சுரண்டித் துடைப்பது நல்லது. சுழற்சி மந்தமானால் அலை தெளியாது. ஆனால் எல்லாச் சிலிண்டர்களும் ஒரேயளவு தேய்ந்திருந்தால் முகடுகளும் சமமாகவே நிற்கும். அப்போது திரையை மட்டும் நம்பி எஞ்சின் நலம் என்று சொல்வது வண்டிக்காரருக்குச் செய்யும் அநீதி. அங்கே பழைய அமுக்கமானிதான் வேண்டும்: பெற்றோல் எஞ்சினில் குறைந்த அளவு காட்டும் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அமுக்கம் ஏறுவது பிஸ்டன் ரிங்கின் தேய்வையும், ஏறாதிருப்பது வால்வு அல்லது ஹெட் கஸ்கட்டின் கசிவையும் சுட்டும்.