எடைக்கருவி அறியாத நோய்

உண்ணல் கோளாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் எலும்பும் தோலுமாய் மெலிந்த ஓர் இளம்பெண்ணின் உருவமே நம் மனக்கண்ணில் எழுகிறது. இந்நோயின் பெரும்பகுதியை நம்மிடமிருந்து மறைத்து வருவது அவ்வுருவமே.

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த மனநலக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2007இல் வெளிவந்தன. உணவை மறுத்து உடலை வருத்தும் அனோரெக்சியாவுக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளான பெண்கள் 0.9 விழுக்காட்டினர். அளவிறந்து உண்டபின் அதை வலிந்து வெளியேற்றும் புலிமியாவுக்கு ஆளான பெண்கள் 1.5 விழுக்காட்டினர். தன் கட்டுப்பாட்டை இழந்து மீண்டும் மீண்டும் உண்ணும் மிகையுண்ணல் கோளாறோ பெண்களில் 3.5 விழுக்காட்டினரையும் ஆண்களில் 2 விழுக்காட்டினரையும் பற்றியிருந்தது. மெலிவையே அடையாளமாகக் கொண்டால், மிகுதியாகப் பரவிய வடிவமே கணக்கில் வராமற்போகும். நோய் தொடங்கிய இடைநிலை வயது 18க்கும் 21க்கும் இடைப்பட்டது. உண்டாயா என்று கேட்கும் தாயை விட்டு, விடுதிக்கும் வேலைக்கும் பலர் பெயரும் வயது அது.

இத்துணைப் பேர் துன்புற்றும், இக்கோளாறுக்கென மருத்துவம் நாடியோர் பாதிக்கும் குறைவே. நாணம் வாயை அடைக்கிறது. அழகுப்பித்து என்றும் திண்டிப்பித்து என்றும் சுற்றத்தார் சொல்லும் சொல் அந்நாணத்தை வளர்க்கிறது. அச்சொல் எவ்வளவு கொடியது என்பதை 1944இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு காட்டும். படைக்கலம் ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர், போரால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழி அறிய உதவுவோம் என்று தம் உடலை ஒப்படைத்தனர். நலமுடையோர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞரின் மேற்பார்வையில் ஆறு திங்கள் அரைவயிற்று உணவு; எடையில் ஏறத்தாழக் கால்பங்கு கரைந்தது. எந்நேரமும் சோற்று நினைவு. சமையல் நூல்களைத் தேடித் திரட்டினர். ஒரு வேளை உணவை நெடுநேரம் அளைந்து உண்டனர். தோழமையை விட்டு ஒதுங்கினர். சிலர் விதியை மீறி உண்டுவிட்டுக் குற்றவுணர்வில் குமைந்தனர். தடை நீங்கிய பின்னும், எவ்வளவு உண்டாலும் நிறைவு வராமல் தவித்தோர் உண்டு. இவர்களுள் எவரும் அழகை நாடிப் பட்டினி கிடந்தவரல்லர்.

பட்டினி ஒன்றே இந்நோய்களை விளைவிக்கிறது என்று நாம் சொல்லவில்லை; மரபும் மனத்துயரும் ஊரார் ஏளனமும் அதிற் பங்குடையன. ஆனால் உணவைக் குறைக்கத் தொடங்கிய பின், மனம் நோயுறுவதற்கு ஒழுக்கக் குறைவு தேவையில்லை.

எடையையும் உயரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு மாணவரை அனுப்பிவிடும் மருத்துவச் சோதனை இந்நோயைக் காணாது. இங்கிலாந்து மருத்துவர்கள் 1999இல் ஐந்தே வினாக்கள் கொண்ட ஒரு முறையை வெளியிட்டனர். வயிறு முட்டியதால் வலிந்து வாந்தி எடுப்பதுண்டா, உண்ணும் அளவு கைமீறிவிட்டதெனக் கவலையுண்டா, உணவே வாழ்வை ஆள்கிறதா என்பன அவற்றுட் சில. கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். நோய் ஐயம் எழுந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வழியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்வினாக்களை மெலிந்த பெண்ணிடம் கேட்பது போலவே, பருத்த உடலினரிடமும் இளைஞரிடமும் தனியறையில், கனிவோடு கேளுங்கள்.