மஞ்சளும் கறுப்பும் இல்லாத கடிதம்

அஞ்சல்காரர் கடிதத்தை நீட்டும்போதே, அதன் ஓரத்தைப் பார்த்துச் செய்தியை ஊகித்துக்கொண்ட காலம் ஒன்று தஞ்சைச் சிற்றூர்களில் இருந்தது. மூலைகளில் மஞ்சள் தடவியிருந்தால் மங்கலச் செய்தி. ஓரத்தில் கறுப்பு மை இருந்தால் சாவுச் செய்தி. தந்தி வந்தாலோ, பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகுரல் எழுந்துவிடும். ஆனால் இவை எப்போதோ வந்தவை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றின் ஓரத்தில் எந்த நிறமும் இராது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, 'நிற்க' என ஒரு சொல்லை இட்டு, அதன்பின் பசு கன்று ஈன்றதையும், வாய்க்காலில் தண்ணீர் வரத் தாமதமாவதையும், கடைக்குட்டிக்குப் பல் முளைத்ததையும் எழுதிய கடிதங்கள் அவை. நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாதிருந்தும் குடும்பத்தின் உறுப்பினராகவே நீடித்தார்கள் என்றால், அதற்கு இந்த மூன்றாம் வகைக் கடிதமே பெருங்காரணம் என்பது எங்கள் கருத்து.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இன்று ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மன்னார்குடியில் பெரியம்மா, திருப்பூரில் தம்பி, துபாயில் மருமகன், சிங்கப்பூரில் பேரன் என அனைவரும் ஒரே திரையில் இருக்கிறார்கள். ஆயினும் அக்குழுவில் வருபவை எவை? பிறந்தநாள் வாழ்த்து, பூப்படத்துடன் காலை வணக்கம், யாரோ எழுதியனுப்பிய மருத்துவக் குறிப்பு. அவற்றுக்குப் பிறகு திடீரென ஒரு நாள், 'அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்' என்ற செய்தி. மஞ்சளும் கறுப்பும் மிஞ்ச, நிறமற்ற கடிதம் மறைந்துவிட்டது.

இதைப் பற்றி மருத்துவமனை இதழில் எழுதுவானேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நாங்கள் கேட்கும் கேள்விகளே அதற்கு விடை. பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்த நிலையில் ஒருவரை அழைத்து வருகிறார்கள். மூளையின் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? நோயாளி விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து அன்று. அவர் கடைசியாக நலமாக இருந்ததை ஒருவர் உறுதியாக அறிந்த நேரத்திலிருந்து. தனித்து வாழும் ஒரு மூதாட்டியைக் காலை எட்டு மணிக்குப் பால்காரர் தரையில் கண்டால், அவர் விழுந்தது ஏழரைக்கா, முந்தைய இரவிலா என்பது தெரிவதில்லை. தெரியாதபோது அந்த ஊசியைப் போடுவதற்கு மருத்துவர் பெரும்பாலும் துணிய இயலாது. அன்று காலை ஆறரைக்கு, 'இன்றைக்கு முருங்கையில் நாலு காய் பறித்தேன்' என்று அவர் பெயர்த்திக்குத் தம் குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தால், அந்த நாலு காய் அவருடைய வலக்கையைக் காப்பாற்றியிருக்கவும் கூடும்.

குடும்ப நோய் வரலாறும் இவ்வாறே. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்று மருத்துவர் கேட்பார். தம் அண்ணனுடன் பத்தாண்டுகளாகத் திருமண மண்டபத்தில் மட்டுமே பேசியவர் இதற்கு என்ன விடை சொல்வார்?

இனி, படுக்கையில் இருப்பவரின் பக்கம். வயது முதிர்ந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்த சில நாள்களில் திடீரென நாள் மறந்து, இடம் மறந்து, பெற்ற மகனையே யார் என்று கேட்பதுண்டு. இந்த மனக்குழப்பத்தைத் தடுக்கும் வழிகளில் மருந்தில்லாத வழி ஒன்று உண்டு: இன்று என்ன கிழமை என்று நினைவூட்டுவது, கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவிப்பது, அவருக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றி அவரோடு பேசுவது. நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவருக்குத் தெரிந்த உலகம் எது? ஜூன் 12-ஆம் நாள் மேட்டூரில் நீர் திறந்தார்களா, கல்லணையிலிருந்து புது ஆற்றில் எவ்வளவு விட்டார்கள், நாற்று பறித்தாயிற்றா, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று மூட்டைகளைத் திருப்பிவிட்டார்களா என்பவைதாம். ஆனால் பார்க்க வரும் உறவினர்களோ, 'சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மருத்துவர் என்ன சொன்னார்' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நோயாளியிடம் அவருடைய நோயைப் பற்றி மட்டுமே பேசுவது, அவர் நோயாளி என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மறுப்பு ஒன்று உண்டு. நெல் நனைந்ததையும் கடன் தவணை தவறியதையும் சொன்னால் நோயாளி கலங்குவார். வெளிநாட்டில் உள்ளவரிடம் நோயைச் சொன்னால் அவர் பதறி வேலையை விட்டு ஓடிவருவார். ஆகவே மறைப்பதே அன்பு என்பார்கள். இதில் ஒரு பகுதி உண்மை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில் வயல் நட்டக் கணக்கை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுமே சொல்லப்படாத மனிதர் அமைதியாக இருப்பதில்லை. மோசமானதைக் கற்பனை செய்துகொள்கிறார். ஐம்பது ஆண்டுகள் பயிர் செய்தவருக்கு, ஐப்பசியில் மழை கொட்டும்போது வயலைப் பற்றிப் பேச்சே எழவில்லை என்றால் அதன் பொருள் விளங்காதா? வெளிநாட்டு மகனுக்கும் அப்படித்தான். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கேட்டு வந்தவர் ஒரு கடுமையான செய்தியைத் தாங்கிக்கொள்கிறார். ஆறு மாதம் 'எல்லாரும் நலம்' என்று மட்டுமே கேட்டவரால் அது இயலுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் விழுந்த நாள்களை இப்பகுதியினர் மறக்கவில்லை. அப்போது தொலைவில் இருந்தவர்களுக்கு உதவக்கூடியதாக இருந்தது முன்பே சேர்ந்திருந்த சின்னச் செய்தியறிவுதான்: அம்மாயி இப்போது யார் வீட்டில் இருக்கிறார், எந்தச் சித்தப்பா தஞ்சை நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார், யாரிடம் கேட்டால் அந்தத் தெருவின் நிலை தெரியும் என்பவை. புயல் அடித்த பிறகு இவற்றைத் தேடித் திரட்ட நேரமில்லை.

செய்யவேண்டியது எளிது. வீட்டுக்கு ஒருவர், நாளுக்கு ஒரு செய்தி. தட்டெழுத இயலாத பெரியவர்கள் குரலில் பதிவிடலாம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, துபாய் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. வேலை முடிந்து கேட்டுக்கொள்வார்கள். ஒன்றில் மட்டும் நாங்கள் கண்டிப்பாக இருப்போம்: குழாய்களோடு படுத்திருப்பவரின் படத்தையும் பரிசோதனை அறிக்கையையும் அவர் இசைவின்றி நாற்பது பேர் பார்க்கும் குழுவில் இடலாகாது. அவரைப் பற்றிய செய்தி அவருக்குச் சொந்தமானது. சிகிச்சை விவரத்தை ஒருவர் மட்டும் மருத்துவரிடம் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் குழப்பமும் குறையும்.

பொதுப் பிரிவுகளில், உறவினர் அனுப்பிய குரல்செய்திகளை அடுத்த படுக்கையினருக்கு இடையூறின்றி நோயாளிக்குக் கேட்கச் செய்யலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கைபேசிக்கு இடமில்லை. அங்கே இருப்பவருக்கு ஊர்ச்செய்தியை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பார்வை நேரத்தில் அருகில் நின்று படிக்கலாம். உங்களால் வர இயலாத நாளில் செவிலியரிடம் கொடுத்தால், அவர் படித்துக் காட்டுவார்.