முகத்தைப் பார்த்தால் தெரியுமா?

போன வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். சிறுமியிடம் தகாத முறையில் நடந்து சிறை சென்ற ஒருவரைப் பற்றிய செய்தி கைப்பேசியில் இருந்தது. "அண்ணே, இந்த ஆள் வெளியே வந்து மறுபடியும் செய்யமாட்டான்னு யாரால சொல்ல முடியும்?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காரணம், அப்படித் தெரிவதில்லை.

கனடிய உளவியலாளர் கார்ல் ஹான்சனும் மோனிக் புஸ்ஸியேரும் 61 ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்டனர். 23,000க்கும் அதிகமான பாலியல் குற்றவாளிகளில், நான்கைந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்ததாகப் பதிவானவர்கள் 13.4 விழுக்காட்டினர். நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் இது வெளியே தெரிந்த குற்றங்களின் கணக்கு மட்டுமே.

என்னை வியக்க வைத்தது இன்னொன்று. அழுது வருந்துபவர் திருந்திவிட்டார், மறுப்பவர் மீண்டும் செய்வார் என்று நாம் நம்புகிறோம். ஆய்வில் அதற்கு ஆதாரமில்லை. முந்தைய பாலியல் குற்றங்கள், விபரீதப் பாலியல் நாட்டம் போன்றவையே எச்சரிக்கை மணி அடித்தன.

ஹான்சனும் டேவிட் தார்ன்டனும் 1999-ல் 'ஸ்டேட்டிக்-99' என்ற அளவுகோலை உருவாக்கினர். வயது, பழைய தண்டனைகள், பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா என்பன போன்ற 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஆனால் அது ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் மீண்டும் செய்யக்கூடும் என்று சொல்லுமே தவிர, அதில் யார் என்று சொல்லாது.

சிங்கப்பூரில் 2024 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொள்கிறது. கடும் வன்முறை, பாலியல் குற்றங்களைப் புரிந்த 21 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினருக்கு, 5 முதல் 20 ஆண்டு வரை குறைந்தபட்சத் தடுப்புக்காலம் விதிக்கலாம். காலம் முடிந்தால் கதவு தானாகத் திறக்காது. இன்னும் ஆபத்தானவரா என்று பரிசீலித்த பிறகே விடுதலை.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். கூடவே ஒன்றும் சொன்னேன்: "இந்த அளவுகோல் எல்லாம் பிடிபட்டவனுக்குத்தான்மா. வீட்டுக்கு வந்துபோகும் மாமாவுக்கு யாரும் புள்ளி போடுவதில்லை. 'அவர் வந்தா எனக்குப் பிடிக்கலை'ன்னு பிள்ளை சொன்னா, திட்டாம உட்கார்ந்து கேளுங்க."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் மக போன மாசம் அப்படித்தான் ஒண்ணு சொன்னா, அண்ணே" என்று சொல்லிவிட்டு, வேகமாக மின்தூக்கியை நோக்கி நடந்தார்.