ஆளில்லாத படங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காலி கோட்டைக்குள் பிறந்தவர்களும், கோட்டையில் சொந்தபந்தம் உள்ளவர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோஷம்.

எங்களில் சிலருக்குப் போட்டோப் பைத்தியம் இருப்பது ஊருக்கே தெரியும். மூன்று ஆசிரியர்கள், ஒரு மருந்துக் கடைக்காரர், எங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர். மாதத்தில் ஒரு ஞாயிறு அஸருக்குப் பிறகு வெளிச்சவீட்டுப் பக்கம் மதில்மேல் கூடுவோம். ஆளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதில் ஒரு நல்லதையும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். "மாஷா அல்லாஹ், சூப்பர்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆரம்பத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் வரவேயில்லை. இப்போது அவர்தான் எல்லாரையும்விடக் கடுமையாகக் குறை சொல்கிறார்.

போன முறை பார்த்தவை காலியில் எடுத்த படங்கள் அல்ல. எங்கள் பழைய மாணவர் ஒருவர் வேலைக்காக ருமேனியா போயிருக்கிறார். பிராஷோவ் நகரில் இருக்கிறார். ஒரு லீவு நாளில் பக்கத்திலுள்ள பிரெஷ்மெர் என்ற ஊருக்குப் போய், அங்குள்ள பழைய கோட்டைத் தேவாலயத்தைப் போனில் எடுத்து, "குறை சொல்லுங்க சேர்" என்று ஒன்பது படங்கள் அனுப்பியிருந்தார்.

கோட்டைத் தேவாலயம் என்றதும், நம் ஊரில் போலக் கோட்டைக்குள் ஒரு தேவாலயம் என்றுதான் நினைத்தோம். அது வேறு. நமக்கு இங்கே கோட்டையைக் கட்டியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். தேவாலயமும் அவர்களுக்காகத்தான். அங்கே டிரான்சில்வேனியாவில், சாக்சன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் மொழி பேசும் கிராமத்தார் தங்கள் தேவாலயத்தைச் சுற்றித் தாங்களே மதில் கட்டி, அதையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவை இன்றும் சுமார் 150 நிற்கின்றன. பிரெஷ்மெரில் மதில் 12 மீற்றர் வரை உயரம். அதன் உட்பக்கத்தில் மாடி மாடியாக 270க்கும் மேற்பட்ட சிறு அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, கதவில் ஓர் இலக்கம். ஆபத்து என்றால் தானியத்தையும் பிள்ளைகளையும் கொண்டு வந்து உள்ளே இருந்துவிடுவார்கள். மதிலுக்குள் ஒரு வகுப்பறைகூட இருக்கிறது. அந்தப் படத்தைத் தாண்டிப் போக ஆசிரியர்களான எங்களுக்கு மனமே வரவில்லை.

அவர்கள் பயந்தது யாருக்கு? முக்கியமாக உதுமானியப் படைகளுக்கு. உதுமானியர் என்றால் நம்மில் பலருக்குப் பெருமை. நாடகம் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பெயரும் வைக்கிறோம். அதே பெயரைக் கேட்டுப் பயந்த ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிய மரப்படிகள் அந்தப் படத்தில் இருந்தன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு குறைகளுக்கு வந்தோம். போனை மேல்நோக்கிப் பிடித்ததால் மதில் பின்பக்கம் சாய்ந்து தெரிகிறது. இரண்டு படங்களில் வானம் வெளுத்துப்போய் விட்டது. எல்லாரும் ஒன்றாகச் சொன்ன குறை வேறு: ஒன்பது படங்களில் ஒரு மனிதரும் இல்லை. "ஒராள் நின்றிருந்தால் மதிலின் உயரம் விளங்கும். ஆட்கள் விலகும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறீர், அது பிழை" என்று எழுதி அனுப்பினோம்.

பதில் உடனே வந்தது. "இல்ல சேர். நான் காத்திருக்கல்ல. டிக்கட் தந்தவரைத் தவிர அண்டைக்கு அங்க ஆளே இல்ல. அந்த ரூம்களுக்குச் சொந்தமான குடும்பங்கள்ல முக்காவாசி ஜெர்மனிக்குப் போயிட்டாங்களாம்."

தேடிப் பார்த்தோம். உண்மைதான். 1989இல் கம்யூனிச ஆட்சி விழுந்ததும் சில வருடங்களுக்குள் பெரும்பாலான சாக்சன் குடும்பங்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டன. 1993இல் இந்தத் தேவாலயங்களில் ஒன்று யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1999இல் பிரெஷ்மெர் உட்பட மேலும் சில ஊர்கள் சேர்ந்தன. கல்லுக்குப் பாதுகாப்புக் கிடைத்தபோது, அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இல்லை.

அந்தப் படம் உண்மையான படம். பிழை எங்கள் விமர்சனத்தில்தான்.

அன்று இரவு எங்கள் சொந்தப் படங்களை எடுத்துப் பார்த்தோம். கோட்டைக்குள் இருக்கும் 1755ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் தேவாலயத்தை எத்தனை தடவை எடுத்திருக்கிறோம்! முகப்பு, உயரமான ஜன்னல், தரை முழுக்கப் பதித்த கல்லறைக் கற்கள், எல்லாம் உண்டு. மனிதர் இல்லை. எங்களுக்குள் அதிகம் பாராட்டுப் பெற்ற படத்துக்காக முக்கால் மணித்தியாலம் நின்றோம். முச்சக்கர வண்டி போக வேண்டும், ஸ்கூல் பிள்ளைகள் போக வேண்டும், பள்ளிக்கு நடந்து போகும் நம் மாமா ஒருவர் போக வேண்டும். அவர் மெதுவாகத்தான் நடப்பார். "எப்ப விலகுவார்?" என்று முணுமுணுத்தோம். கடைசியில் எடுத்த படத்தை "கிளீன்" என்று புகழ்ந்தோம். அந்தத் தம்பி இருந்ததை எடுத்தார். நாங்கள் இருந்தவரை அகற்றிவிட்டு எடுத்தோம்.

இது போட்டோக்காரரின் சின்னக் கவலை என்று நினைக்க வேண்டாம். காலி கோட்டை உலக மரபுரிமையானது 1988இல். 2004 சுனாமியில் இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. கடலைத் தடுத்த மதிலால் காசைத் தடுக்க முடியவில்லை. நாங்கள் சிறு வயதில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்த வீடுகள் இன்று ஹோட்டல்களாகவும் நகைக் கடைகளாகவும் இருக்கின்றன. விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு வீட்டுக்கு ஏழு வாரிசு, கூரை ஒழுகுகிறது, திருத்த அனுமதி எடுப்பது லேசல்ல, வாங்க வருபவர் சொல்லும் விலையோ கனவிலும் காணாதது. ஆனால் ஆளில்லாத தெருவைத்தான் அழகு என்று நாமே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தால், ஆளில்லாத கோட்டையைப் பார்த்து யாருக்கும் வருத்தம் வராது. நமக்கே வராது.

"முஸ்லிம்களுக்குச் சேர்ச்சில் என்ன வேலை?" என்று கேட்பவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எந்தத் தேவாலயத்தின் பக்கமும் கமராவைத் தூக்க எங்களுக்குக் கை வரவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் தயங்கி நின்றபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "உள்ளே வாங்க, வெயில்" என்றார். அந்த மனிதரையும் நாங்கள் ஒரு படம் எடுக்கவில்லை. மறுபக்கம், நம் மீரான் ஜும்ஆப் பள்ளியின் முகப்பைப் பார்த்துச் சேர்ச் என்று நினைத்துப் படம் எடுத்துப் போகும் வெளிநாட்டவர் எத்தனை பேர்! யாராவது தொழப் போகும் நேரத்தில் எடுத்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது.

ஆகவே எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புது விதி. தேவாலயமோ, பள்ளியோ, மதிலோ எதையும் எடுங்கள். ஆனால் அங்கே வாழும் ஒருவர் படத்தில் இருக்க வேண்டும். அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி எடுக்க வேண்டும். எந்த வீடு, எத்தனை வருடம் என்று பின்னால் எழுதி வைக்க வேண்டும். குறை சொல்பவர்களும் வெளிச்சத்தையும் கோணத்தையும் மட்டும் பார்க்காமல், "யாரை வெளியே விட்டீர்?" என்றும் கேட்க வேண்டும்.

அந்த மாமாவிடம் போனோம். விஷயத்தைச் சொன்னோம். சிரித்துவிட்டு, "அடுத்த கிழமை வாங்க, நல்ல சேர்ட் ஒண்டு போட்டுக்கொண்டு வாரன்" என்றார்.

இன்ஷா அல்லாஹ் வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மதில்மேல் இருப்போம். போன் கமரா போதும். பாராட்ட மட்டும் வருபவர்களுக்குத் தேநீர் கிடையாது.