ஓரத்தில் நிற்பவர் மறையாதிருக்கட்டும்



பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டு, மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியேறிய நம் குடும்பங்களின் வீடுகளில் ஒரு காரியத்தை நான் தவறாமல் காண்கிறேன். பீரோவின் மேல்தட்டில், பழைய சேலையில் சுற்றப்பட்ட ஓர் ஆல்பம் இருக்கும். நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் அதைமட்டும் விட்டுவிடாமல் ரயிலேற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். இன்று அவ்வீட்டுப் பிள்ளைகள் அப்படங்களைக் கணினியில் ஏற்றி, அழகிய பின்னணிகளோடு கலந்து, டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்னும் நினைவேடுகளாக உருவாக்குகிறார்கள். இது நல்ல முயற்சியே. ஆயினும் அதில் கவனிக்கவேண்டிய ஒரு காரியம் உண்டு.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். பாட்டியின் எழுபதாம் பிறந்தநாளுக்கென்று பேத்தி ஒரு பக்கம் ஆயத்தம் செய்தாள். ஊரிலுள்ள உறவினரிடம் இரவல் வாங்கி ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படம் அது. அதன் ஓரங்கள் மூடுபனிபோல் கரைந்து, பூவேலை செய்த தாளோடு கலந்திருந்தன. எல்லாரும் பாராட்டினார்கள். பாட்டியோ வெகுநேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மதினியைக் காணோமே, பிள்ளை?" என்று கேட்டார். இளவயதில் கணவனை இழந்து, அவ்வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் தூக்கி வளர்த்த மதினி, அக்கால வழக்கப்படி படத்தின் கடைசி ஓரத்தில் ஒதுங்கி நின்றிருந்தார். கரைந்துபோனது அந்த ஓரமே. அவர் இன்னாரென்று பேத்திக்குத் தெரியாது. அழித்த படத்தையே அதே பெயரில் சேமித்தும்விட்டாள். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போய் மறுபடியும் ஸ்கேன் செய்யும்வரை பாட்டியின் மனம் ஆறவில்லை.

படத்தைப் பின்னணியோடு இணைக்கும் ஆசை புதியதல்ல. நம்மூர் ஸ்டுடியோக்களில் தூணும் தோட்டமும் தீட்டிய திரைச்சீலைக்கு முன்பாக நம் பெரியோர் நின்றார்கள். 1857-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். அன்று இருட்டறையில் நாட்கணக்கில் பாடுபட்டுச் செய்ததை, 1994-இல் ஃபோட்டோஷாப் மென்பொருளில் லேயர் என்னும் அடுக்கு முறை வந்தபின் வீட்டு மேசையிலேயே செய்யலாமென்றாயிற்று. இலவசமாய்க் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

பிரியமானவர்களே, முதலாவது, படத்தைப் போதிய அளவில் ஸ்கேன் செய்யுங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸல் வேண்டும். 12 அங்குலச் சதுரப் பக்கத்திற்கு 3600-க்கு 3600 பிக்ஸல் ஆகிறது. 3 அங்குல அகலமுள்ள சிறிய படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 1800 பிக்ஸல் கிடைக்கும். அதை 6 அங்குல அகலத்திற்குத் தெளிவாக அச்சிடலாம். ஸ்கேன் செய்த மூலக்கோப்பைத் தனியே வைத்து, அதன் நகலில் மாத்திரமே வேலை செய்யுங்கள்.

இரண்டாவது, ஓரங்களை மென்மையாக்க அழிப்பானைத் தொடாதிருங்கள். அது அழித்ததைச் சேமித்துவிட்டால் திரும்பப் பெறமுடியாது. அதற்குப் பதிலாக லேயர் மாஸ்க்கைப் பயன்படுத்துங்கள். அதில் கறுப்பு பூசிய இடம் மறையும். வெள்ளை பூசிய இடம் தெரியும். சாம்பல் நிறம் தன் அளவுக்கேற்பப் பாதி மறைக்கும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாய் மாறும் கிரேடியன்ட்டை மாஸ்க்கின்மேல் இழுத்தால், படம் பின்னணிக்குள் மெதுவாய்க் கரையும். படத்தின் விளிம்பை எட்டுமுன்னே அது முற்றிலும் மறைந்துவிடவேண்டும். இல்லையேல் நேர்கோடொன்று தங்கி, வேலையைக் காட்டிக்கொடுக்கும். மறைந்தது தவறென்று கண்டால் அங்கே வெள்ளையைப் பூசுங்கள். மறைந்தவர் திரும்ப வருவார்.

மூன்றாவது, கலப்பு முறைகளின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். மல்டிபிளை என்பது பெயருக்கேற்ப இரு அடுக்குகளின் ஒளியளவுகளைப் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. ஆகையால் படத்திலுள்ள தூய வெள்ளை மறைந்து தாள் தெரியும். 128 என்னும் நடுத்தரச் சாம்பல் இன்னொரு 128-ஓடு சேர்ந்தால் ஏறக்குறைய 64 ஆகி இருண்டுபோகும். ஸ்கிரீன் என்பது இதற்கு எதிரானது. அதில் கறுப்பு மறையும், மற்றவை வெளுக்கும். மல்டிபிளையில் முகங்கள் இருண்டு, தாளின் பூவேலை கன்னத்தின்மேல் படர்வது இதனாலேயே. இதற்குப் பரிகாரம் எளிது. அதே படத்தின் நகலொன்றை நார்மல் முறையில் மேலே வைத்து, மாஸ்க்கின் மூலம் முகங்களை மாத்திரம் தெரியச் செய்யுங்கள். அதன் ஒபாசிட்டியைச் சற்றே குறைத்தால் ஒட்டவைத்ததுபோல் தோன்றாது.

நான்காவது, பின்னணியின் நிறத்தைப் படத்திலிருந்தே எடுங்கள். மஞ்சளித்த பழம்படத்திற்குப் பளிச்சென்ற நீலம் பொருந்தாது. படத்திலுள்ள சேலையின் நிழலையோ சுவரின் நிறத்தையோ ஐட்ராப்பர் கருவியால் தொட்டு, அந்தச் சாயலையே தாளுக்குக் கொடுத்தால் இரண்டும் இசைந்துபோகும். வேலை முடிந்தபின் அடுக்குகளைக் காக்கும் பிஎஸ்டி அல்லது எக்ஸ்சிஎஃப் கோப்பாகவும் ஒரு பிரதியைச் சேமியுங்கள். ஜேபெக் கோப்பு அடுக்குகளைக் காப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. எந்த ஓரத்தைக் கரைப்பது என்று தீர்மானிக்குமுன், அங்கே நிற்பவர் யாரென்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். குடும்பப் படத்தில் நடுவே அமர்ந்தவர்களை யாவரும் அறிவர். ஓரத்தில் நின்றவர்களோ பெரும்பாலும் அந்த வீட்டைத் தாங்கினவர்கள். ஒருவர் விளிம்பை ஒட்டியே நின்றால் அந்தப் பக்கத்தைக் கரைக்கவே வேண்டாம். அதைப் பக்கத்தின் ஓரத்தோடு சேர்த்து வையுங்கள், அல்லது ஒரு சட்டமிட்டு நிறுத்துங்கள். மற்றப் பக்கங்களைக் கரைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களிடம் கேட்ட பெயர்களை அந்தப் பக்கத்திலேயே, இடமிருந்து வலமாக, ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதிவையுங்கள். நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் அந்த முகங்களை நேரில் கண்டதில்லை. சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுவோமாக. இந்த மாதத்தில் ஒரு மாலைப்பொழுதாகிலும் கணினியை மூடிவைத்து, அந்தப் பழைய சேலையை அவிழ்த்து, ஆல்பத்தோடு பாட்டியின் அருகில் உட்காருங்கள். நினைவேட்டின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.