உள்ளே 7தான்!

மதுராந்தகத்தில் 'கலெக்டர்' என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது லயனல் பிளேஸ் துரை. 1790களில் கும்பினி ஜாகீருக்குக் கலெக்டராக இருந்தவர். அடைமழையில் ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று ராத்திரியில் பதறியடித்துப் போய்ப் பார்த்தவருக்கு, வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையில் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை தப்பித்தது. தாயார் சன்னதிக்குத் திருப்பணி நடந்தது. ராமருக்கு 'ஏரி காத்த' என்கிற பட்டம் நிலைத்தது.

எனக்கு இன்னொரு கலெக்டரைத் தெரியும். செங்கல்பட்டில் இருக்கிறான். 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது வந்தவர் இல்லை. பழைய வீடியோ கேம்களைச் சேர்க்கிற கலெக்டர். ஒரு காலத்தில் என் பக்கத்து சீட்டில் டெபிட், கிரெடிட் பார்த்தவன். சம்பளம் வந்த மறுநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் கிளம்பும். வீட்டில் கண்ணாடி பீரோ, உள்ளே வரிசையாக நின்டெண்டோ கேட்ரிட்ஜ்கள், ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. என்றைக்கு வாங்கியது, என்ன விலை, கஸ்டம்ஸ் எவ்வளவு தீட்டினார்கள் என்று எல்லாவற்றுக்கும் எக்ஸெல் ஷீட். நகை வைக்கிற பீரோவுக்குக்கூட இவ்வளவு பந்தோபஸ்து இல்லை என்று அவன் வீட்டம்மா என்னிடமே புலம்பியிருக்கிறார்.

போன மாதம் சித்தி போன் பண்ணினாள். கடையைக் காலி பண்ணிவிட்டு பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாள். "சித்தப்பா சாமான் ஒரு பை இருக்குடா. கேம் டப்பா. ஞாயித்துக்கெழம காயலான் கடைக்காரர் வரார். போட்டுடவா?"

சித்தப்பா பஜாரில் டி.வி. மெக்கானிக். 1998 வாக்கில் கடை மூலையில் ஒரு 14 இஞ்ச் டி.வி.யும் டி.வி. கேமும் வைத்தார். அரை மணிக்கு 2 ரூபாய். நாங்கள் ஸ்கூல் விட்டதும் வரிசையில் நிற்போம். கேட்ரிட்ஜை ஊதக்கூடாது என்பது அங்கே சட்டம். (எச்சில் ஈரம் பட்டால் உலோகப் பல் அரித்துவிடும். இது நின்டெண்டோவே சொன்னது. சித்தப்பா அதைப் படித்திருக்க மாட்டார்; டி.வி. ரிப்பேரில் தெரிந்துகொண்டது.) பென்சில் ரப்பரால் தேய்த்துத்தான் போடுவார். 2021ல் போய்விட்டார்.

காயலான் கடை என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சனிக்கிழமையே கலெக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

சித்தி காப்பி கொடுத்தாள். துணிப்பையைக் கவிழ்த்தேன். மொத்தம் 18. மஞ்சள், கறுப்பு, ஒரு ஆரஞ்சு. கலெக்டர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற முகம்.

"ஒண்ணுகூட ஒரிஜினல் இல்ல மச்சி. எல்லாம் காப்பி."

"அதனால?"

"என் பீரோல அன்லைசென்ஸ்டே கெடையாது. இது அதுக்கும் கீழ."

இந்த 'அதுக்கும் கீழ' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஜன்னலுக்கு வெளியே பாதி போர்டு மனை விற்பனைதானே?

நின்டெண்டோ தன் மெஷினை 1983ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் விட்டது. அதில் பூட்டு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்ரிட்ஜ் செய்து சொருகலாம், ஓடும். 1985ல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது உஷாராகி, மெஷினுக்குள் ஒரு சிப், கேட்ரிட்ஜுக்குள் ஒரு சிப் என்று வைத்தார்கள். இரண்டும் பேசிக்கொண்டால்தான் விளையாட்டு. அந்த சிப் வேண்டுமென்றால் நின்டெண்டோவிடம் கையெழுத்துப் போட வேண்டும். கேட்ரிட்ஜை அவர்களே செய்து தருவார்கள், காசு முன்கூட்டியே கட்ட வேண்டும், ஒரு கம்பெனி வருஷத்துக்கு 5 கேம்தான் விடலாம். இப்படி வந்தது லைசென்ஸ்டு. அதாவது அப்ரூவ்டு மனை. அமெரிக்கக் கணக்கில் இது அறுநூற்று எழுபது சொச்சம். நம் கலெக்டரின் லட்சியம் அந்த லிஸ்ட்தான்.

அன்லைசென்ஸ்டு என்பது அப்ரூவல் வாங்காத மனை. ஆனால் வீடு சொந்தமாகக் கட்டியது. கேமை அவர்களே யோசித்து, அவர்களே எழுதி, நின்டெண்டோவைக் கேட்காமல் விற்றார்கள். கலர் ட்ரீம்ஸ் என்று ஒரு கம்பெனி அந்தப் பூட்டு சிப்புக்கு ஒரு சின்ன ஷாக் கொடுத்து மயங்க வைத்து உள்ளே போனது. பெரிய கடைகள் நின்டெண்டோவுக்குப் பயந்து அவர்கள் சரக்கைத் தொடவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? விஸ்டம் ட்ரீ என்ற பெயரில், நோவா பேழைக்கு மிருகங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் போகிற பைபிள் கேம் ஒன்றை 1991ல் செய்து, கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் விற்றார்கள். மூளைக்காரர்கள்! இங்கிலாந்து கோட்மாஸ்டர்ஸின் மைக்ரோ மெஷின்ஸும் இந்த ஜாதிதான். சாப்பாட்டு மேஜை மேல் பொம்மைக் கார் ஓட்டுகிற விளையாட்டு. அப்ரூவல் வாங்கிய பல கேம்களைவிட நன்றாகவே இருக்கும்.

ரசமான வழக்கு டெட்ரிஸ். அடாரி கேம்ஸின் பிள்ளையான டெங்கன் முதலில் லைசென்ஸ் வாங்கி மூன்று கேம் விட்டது. அப்புறம், கோர்ட் வழக்குக்கு வேண்டும் என்று கதை சொல்லி, பூட்டின் புரோகிராமை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலேயே வாங்கித் தானே சாவி செய்துகொண்டது. (நம்ம ஊர் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் தேவலை!) 1989ல் அந்தச் சாவியோடு டெட்ரிஸை விட்டது. ஆனால் டெட்ரிஸின் மூலப் பத்திரம் மாஸ்கோவில் இருந்தது. டெங்கனுக்கு விற்ற இங்கிலாந்துக்காரருக்கே பட்டா இல்லை. வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் மனை வாங்கிய கதை. நின்டெண்டோ நேரே மாஸ்கோ போய்க் கையெழுத்து வாங்கிவிட்டது. அதே ஜூனில் கோர்ட் உத்தரவு வந்து டெங்கன் டெட்ரிஸ் கடைகளிலிருந்து இறங்கியது. ரெண்டு பேர் விளையாடலாம் என்பதால் இதுதான் உசத்தி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிற ஆட்கள் உண்டு. தேடித் தேடி வாங்குகிறார்கள். கலெக்டரின் பீரோவில் அதற்கும் இடமில்லை.

சித்தப்பாவின் பையில் இருந்தது இந்த இரண்டு ரகமும் இல்லை. அடுத்தவன் கட்டிய வீட்டை போலிப் பத்திரத்தில் விற்றது. கோனாமியின் கான்ட்ரா, நாம்கோவின் டேங்க், மரியோ, எல்லாமே ஜப்பான்காரர்கள் ராத்தூக்கம் கெட்டுச் செய்தவை. ஓட்டிய மெஷினும் அந்தப் பூட்டில்லாத ஃபேமிகாமின் காப்பிதான். நான் கொடுத்த 2 ரூபாயில் ஜப்பானுக்கு நயா பைசா போகவில்லை. இதை நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. 1994ல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு. திருட்டு கம்ப்யூட்டர் புரோகிராம் என்று தெரிந்தே உபயோகித்தால் குறைந்தது 7 நாள் ஜெயில், 50,000 ரூபாய் அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் ஜெயில் இல்லாமல் விடலாம். அரை மணிக்கு 2 ரூபாய் லாப நோக்கம்தானே ஸார்? நல்லவேளை, சித்தப்பாவின் லாபம் பெரும்பாலும் கடன் நோட்டிலேயே இருந்தது.

ஆனால் நேர்வழியில் வாங்க என்ன வழி இருந்தது? 1995ல் சேகா மெகா டிரைவை இந்தியாவில் விற்க ஏற்பாடு செய்தவர்கள் ஷா வாலஸ். (பெயரை எங்கேயோ படித்த ஞாபகம் வருகிறதா? பாட்டில் மேலேயாக இருக்கும்.) அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடே. அப்படியும் விலை 18,000 ரூபாய்! அந்த வருஷம் எங்கப்பா சம்பளத்தை இதோடு கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சித்தப்பாவின் மெஷின் 900. இங்கே மட்டுமா? ரஷ்யாவில் 1992லிருந்து டெண்டி என்ற காப்பி மெஷினில்தான் ஒரு தலைமுறையே மரியோவைப் பார்த்தது.

"உன் அமெரிக்க லிஸ்ட்ல டேங்க் இருக்கா?" என்று கேட்டேன்.

கலெக்டர் காப்பியை உறிஞ்சினான். எனக்குத் தெரியும், இல்லை. பேட்டில் சிட்டி, நம்ம 'டேங்க்', 1985ல் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் விற்கவே இல்லை. ஆக, அவன் ஒன்பது வயதில் அழுதுகொண்டே விளையாடிய கேம், அவன் உயிரைக் கொடுத்துச் சேர்க்கிற லிஸ்டில் கிடையாது. அவன் சேர்ப்பது ஏதோ ஓஹையோவில் இருக்கிற பையனின் சின்ன வயசை. சம்பளம் மட்டும் செங்கல்பட்டிலிருந்து போகிறது.

இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நாளைக்கு எவனாவது புதுசா அச்சடிச்ச டூப்ளிகேட்டும் வைக்கலாமா?"

நியாயமான கேள்வி. பாவம், பட்ட காயம். இரண்டு வருஷம் முன்னால் ஆன்லைனில் பதினோராயிரம் கொடுத்து வாங்கினான். லேபிள், டப்பா எல்லாம் அச்சு அசல். ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே நேற்று செய்த பச்சைப் போர்டு. அது வேறு. அது பழசு மாதிரி நடிக்கிற புதுசு, ஒரிஜினல் விலைக்கு வாங்கவைக்கிற சரக்கு. அதை பீரோவில் வைக்கக்கூடாது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சித்தப்பாவின் மஞ்சள் டப்பா யாராகவும் நடிக்கவில்லை. 1998ல் மதுராந்தகத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் அது. பி.காம்.காரன் பாஷையில் சொன்னால், புஸ்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதுதான் விஷயம். அன்லைசென்ஸ்டுக்கு ஒரு தட்டு, காப்பிக்கு ஒரு தட்டு, லேபிளில் உள்ளது உள்ளபடி. கணக்கிலேயே காட்டாமல் விட்டால் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகலாம், ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?

கலெக்டர் பதில் சொல்லவில்லை. ஆரஞ்சு கேட்ரிட்ஜைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஸ்டிக்கரில் மரியோ, ராம்போ மாதிரி ஒருவன், ஹெலிகாப்டர். கீழே கொட்டை எழுத்தில் '9999999 இன் 1'. தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம்! மெனுவில் கீழே போகப் போக அதே கேம்கள்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நீல மார்க்கரில் சித்தப்பாவின் கையெழுத்து: 'உள்ளே 7தான்.'

"இது யார் எழுதினது?"

சித்தி எட்டிப் பார்த்தாள். "அவர்தான் தம்பி. ஒரு பையன் மூணு நாள் துட்டு குடுத்து மீதி கேமத் தேடியிருக்கான். கடைசி நாள் அழுதுட்டான். அன்னிக்கு ராத்திரி உக்காந்து எல்லா டப்பாவும் போட்டுப் பாத்து எண்ணி எழுதினாரு."

கலெக்டர் மற்றவற்றையும் திருப்பினான். '64 இன் 1' மேல் 'உள்ளே 22'. '168 இன் 1' மேல் 'உள்ளே 30, ஒண்ணு ஓடாது'. பதினெட்டிலும் இருந்தது. அப்புறம் என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பவன் அன்றைக்கென்று மறந்திருந்தான். சித்தப்பாவின் டூல் பாக்ஸிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். ஓடாத கேட்ரிட்ஜின் மூடியைக் கழற்றினால், கறுப்புத் தார்ப் பொட்டு சிப், அதன் காலிலிருந்து பல்வரைக்கும் தலைமுடி கனத்தில் ஒரு செப்புக் கம்பி. மூடிக்கு உள்பக்கம் பென்சிலில் '12.5.2001 சரி பார்த்தது'.

"சோல்டரிங் நல்லா இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து யாரையும் பாராட்டி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "என்கிட்ட இருக்கறது 143. ஒண்ணுகூட யாரும் ரிப்பேர் பண்ணி வெளையாடினது இல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொல்லவில்லை.

விலை பேச்சு வந்தது. சித்திக்குப் பணம் வேண்டாம். ஆனால் பதினெட்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், ஒன்று மட்டும் என்றால் கிடையாது. கடன் நோட்டைத் தரமாட்டாள், அது பெங்களூர் போகிறது. புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே பாக்கி 3 ரூபாய் 50 பைசா. இருபத்தைந்து வருஷத்துக்கு வட்டி போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். "போடா, அவரே கேக்கல" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

கலெக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு வண்டி ஏறினான். ராத்திரி பத்து மணிக்கு எக்ஸெல் ஷீட்டின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. 143க்குக் கீழே கோடு போட்டுப் புதிய தலைப்பு: 'காப்பி. மதுராந்தகம், 1998.' உரிமம் என்ற பத்தியில் பதினெட்டு தடவை 'இல்லை'. ஸ்டிக்கர் சொல்வது என்று ஒரு பத்தி, உள்ளே இருப்பது என்று ஒரு பத்தி. இரண்டாவது பத்தியைச் சித்தப்பாவின் கணக்குப்படியே நிரப்பியிருந்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மஞ்சள் அடித்துக் கேள்விக்குறி.

"64 இன் 1ல 22னு இருக்கு. நான் எண்ணினா 21 தான் வருது. ஞாயித்துக்கெழம நீயும் வா, டேங்க்லேர்ந்து திரும்ப எண்ணலாம்."