எடுத்த குரூப்பா, குடுத்த குரூப்பா?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் வந்து நாளாச்சு. இன்னிக்கு உட்கார்ந்ததுக்குக் காரணம் கோபம். யார் மேலன்னு கேட்டா, லிஸ்ட்ல முதல் ஆள் நான்தான். அதனால தைரியமா மேல படிங்க :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2023 மே மாசம். பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த மறுநாள் ஊர்ல இருந்து சித்தி போன். "உன் தம்பி 482 எடுத்திருக்கான்டா. ஆனா காமர்ஸ்தான் படிப்பேன்னு அழிச்சாட்டியம் பண்றான். நீ சொன்னா கேப்பான், ஒரு வார்த்தை சொல்லு." பொட்டி தட்டுற ஒவ்வொருத்தனுக்கும் மே மாசமானா வர்ற போன்தான். உங்களுக்கும் வந்திருக்கும்.

சித்தப்பாவுக்கு பலசரக்குக் கடை. தம்பி எட்டாங்கிளாஸ்ல இருந்தே கடையில பற்று நோட்டு எழுதுறவன். போனை வாங்கினதும் அவன் கேட்ட முதல் கேள்வி இது: "அண்ணே, ரெண்டு வருஷமா விக்காம கிடக்குற சரக்கை கணக்குல என்ன விலைக்கு எழுதணும்? வாங்கின விலைக்கா, இப்ப போற விலைக்கா?"

எனக்கு பதில் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். அதை விட்டுட்டு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா. 482 எடுத்துட்டு எவனாவது காமர்ஸ் போவானா? கம்ப்யூட்டர் குரூப் எடு. எல்லா கதவும் திறந்தே இருக்கும்"னு சொன்னேன். எடுத்துட்டான். சித்தி எனக்கு அல்வா அனுப்பி வச்சாங்க. நானும் வெக்கமில்லாம சாப்பிட்டேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊர்ல "என்ன குரூப் எடுத்திருக்க?"ன்னு கேக்குறோம் பாருங்க, அந்த 'எடுத்திருக்க'ங்கிறது சுத்தப் பொய். யாரும் எடுக்கல. மார்க் ஷீட் எடுக்குது, பையன் வாங்கிக்கிறான். 450-க்கு மேலன்னா ஃபர்ஸ்ட் குரூப். கொஞ்சம் கம்மின்னா பியூர் சயின்ஸ். இன்னும் கம்மின்னா காமர்ஸ். கடைசியில தொழிற்கல்வி. தியேட்டர்ல பால்கனி, ஃபர்ஸ்ட் கிளாஸ், பெஞ்சுன்னு டிக்கெட் கிழிக்கிற மாதிரி.

1978-ல பி.யூ.சி.யை எடுத்துட்டு இந்த ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவைக் கொண்டுவந்தாங்க. பத்து வருஷம் எல்லாரும் ஒரே பாடம் படிச்சாச்சு, கடைசி ரெண்டு வருஷம் அவனவனுக்கு எது வருமோ அதைப் பாத்துப் பிரியட்டும்ங்கிறதுதான் ஏற்பாடு. தொழிற்கல்விப் பிரிவும் அப்போ வந்ததுதான். பக்கத்துப் பக்கத்துல நிக்க வேண்டிய பாடங்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நாமதான் அடுக்கி வச்சோம்.

இந்த அடுக்கு ரெண்டு பக்கமும் வெட்டுது. தம்பி மார்க் அதிகமா எடுத்ததால அவன் கேட்டது கிடைக்கல. மார்க் கம்மியா எடுத்ததால கேட்டது கிடைக்காத ஒருத்தன் கதையையும் சொல்றேன்.

2013-ல என்கூட பத்தாவது முடிச்ச நண்பன். எந்த மோட்டாரையும் பிரிச்சு மாட்டிடுவான். மெக்கானிக்கல் படிக்கணும்னு ஆசை. கணக்குல 71. எங்க ஸ்கூல்ல 90-க்கு கீழ இருந்தா மேத்ஸ் குரூப் கிடையாது. அவங்க அப்பா ஹெட்மாஸ்டர் ரூம் வாசல்ல ஒரு பகல் முழுக்க நின்னார். "சென்டம் ரிசல்ட் போயிடும் சார்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. காமர்ஸ்ல தள்ளினாங்க. டெபிட்டும் கிரெடிட்டும் அவனுக்கு கடைசி வரைக்கும் எட்டிக்காய்தான். தட்டுத் தடுமாறி ஒரு டிகிரி முடிச்சிட்டு இப்போ மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கான். நல்லாத்தான் இருக்கான். ஆனா பத்தாவது முடிச்சதுமே பாலிடெக்னிக் போலாம், டிப்ளமோ முடிச்சா நேரா பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம்னு அன்னிக்கு ஒருத்தரும் அவங்க அப்பாகிட்ட சொல்லல. ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு ஸ்கூல்ல ஆள் இல்ல. ஆனா ரிசல்ட் ஃபிளெக்ஸ் போர்டுக்கு காசு இருந்தது.

இதுல காமர்ஸ் குரூப்புக்கு நடந்த அநியாயத்தையும் பாருங்க. அதை விரும்பி வந்தவனைத் துரத்திட்டு, வேண்டாம்னு அழுதவனைப் பிடிச்சுத் தள்ளுறோம். அப்புறம் 'காமர்ஸ் பசங்க படிக்க மாட்டாங்க'ன்னு பேச்சு வேற.

பொண்ணுங்க கதை இன்னும் மோசம். என்கூட டியூஷன் வந்த பொண்ணு டாக்டர் கனவுல இருந்தா. ஊர்ல இருக்கிற பெண்கள் பள்ளியில உயிரியல் இல்ல. எட்டு கிலோமீட்டர் பஸ் ஏறணும். வீட்ல வேண்டாம்னுட்டாங்க. அவ எதிர்காலத்தை முடிவு பண்ணினது மார்க் கூட இல்ல, பஸ் ரூட்.

இப்போ எதிர்க்கட்சி வாதம். நானே சொன்ன வாதம்தான், அதனால நியாயமா வைக்கிறேன். "காமர்ஸ் படிச்சவன் இன்ஜினியரிங் போக முடியாது. கணக்கு படிச்சவன் பின்னாடி பி.காம். போலாம், சி.ஏ. போலாம், சட்டம் போலாம். பதினஞ்சு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்? கதவை மூடாம வைப்போமே."

இதுல உண்மை இருக்கு. இன்ஜினியரிங் கட்-ஆஃப்ங்கிறது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. நுழைவுத் தேர்வை எடுத்த 2007-ல இருந்து இதான் கணக்கு. இந்த மூணும் இல்லாதவன் அந்த வரிசையில நிக்க முடியாது. (தொழிற்கல்வி பசங்களுக்கு மட்டும் தனி ஒதுக்கீடு இருக்கு.) மருத்துவம்னா நீட், 720-ல 360 உயிரியல்தான். அதனால எது பிடிக்கும்னே தெரியாத பையனுக்கு, கணக்கும் ஓரளவு வரும்னா, சயின்ஸ் எடுன்னு நானும் இன்னிக்கும் சொல்வேன்.

ஆனா தெரிஞ்சவனுக்கு? சரக்கை என்ன விலைக்கு எழுதணும்னு கேக்குற பையனுக்கு என்ன தெரியாது? எல்லா கதவும் திறந்திருக்கும்னு நான் சொன்ன வாக்கு என்னாச்சுன்னு கேளுங்க. 2025-ல தம்பி ப்ளஸ் டூ முடிச்சான். ரெண்டு வருஷம் பிடிக்காத வேதியியலோட மல்லுக்கட்டி, மார்க் சுமார். திரும்பவும் பி.காம்.னு நின்னான். அவன் கேட்ட காலேஜ்ல காமர்ஸ் குரூப் பசங்களுக்குத்தான் முன்னுரிமை, மிச்சம் இருந்தா பாப்போம்னுட்டாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். கதவு திறந்துதான் இருந்தது, ஆனா வரிசையில கடைசி ஆள் அவன். கடைசியில தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ல போய் வேற காலேஜ்ல படிக்கிறான்.

'எதிர்காலம்'னு பசங்களைப் பயமுறுத்துறோமே, அதையும் பேசிடுவோம். நான் கம்ப்யூட்டர் குரூப்தான். எங்களுக்குப் பாடத்துல ஸ்டார் ஆபீஸ். 2011-லேயே ஆரக்கிள் மூடுவிழா நடத்தின சமாச்சாரத்தை 2015-ல நாங்க பப்ளிக் எக்ஸாம் எழுதினோம். அதை வச்சு எனக்கு வேலை கிடைக்கல. வேலை கிடைச்சது அப்புறம் கத்துக்கிட்டதால. கத்துக்கிட்டது பிடிச்சிருந்ததால.

இன்னொரு கூத்து. என்கூட ஃபர்ஸ்ட் குரூப், அப்புறம் பி.இ. முடிச்ச பசங்கள்ல பாதிப் பேர் ஒரு கட்டத்துல டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போனானுங்க. ராத்திரி பகலா எதைப் படிச்சானுங்க? பதினொண்ணு, பன்னெண்டாங்கிளாஸ் வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் புத்தகம். ஒரு காலத்துல 'தர்டு குரூப் புக்கு'ன்னு சிரிச்ச அதே புத்தகம். ஃபர்ஸ்ட் குரூப் படிச்சவன் குரூப் ஃபோர் எழுதுறான். அந்த குரூப் ஃபோருக்கு கேக்குற தகுதி பத்தாங்கிளாஸ் பாஸ்! அவ்வ்வ்வ்...

சும்மா திட்டிட்டுப் போனா மொக்கைன்னு பின்னூட்டம் வரும். அதனால மூணு விஷயம்.

ஒண்ணு, ஃபர்ஸ்ட், செகண்ட், தர்டுன்னு சொல்றதை முதல்ல நாம நிறுத்துவோம். பாடத்தோட பேரைச் சொல்லுவோம்.

ரெண்டு, ப்ளஸ் ஒன் புத்தகம் எல்லாமே நெட்ல இலவசமா கிடைக்குது. அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு வாரம், கணக்குப்பதிவியல், இயற்பியல், வரலாறு, உயிரியல்னு ஒவ்வொண்ணுலயும் முதல் பாடத்தைப் பையன் கையில குடுங்க. எதை யாரும் சொல்லாமலே ரெண்டாம் பாடத்துக்குப் புரட்டுறான்னு பாருங்க. உறவுக்காரங்க பத்து பேர் அட்வைஸை விட அது மேல்.

மூணு, ஸ்கூல்காரங்களுக்கு. 71 எடுத்த பையன் கணக்கு கேட்டா, குடுங்க. சொல்லிக்குடுக்கிறதுதானே உங்க வேலை? ஏற்கனவே ப்ளஸ் ஒன் பாடத்தை அப்படியே தாண்டி ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வச்சீங்க. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-ல இருந்து அதை எடுத்தாச்சு. பசங்களுக்கு பாரம் குறைஞ்சதுல சந்தோஷம்தான். ஆனா நீங்க பழைய ஆட்டத்தை மறுபடி ஆரம்பிச்சிடாதீங்க, புண்ணியமா போகும்.

போன மாசம் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, அந்த சரக்கு மேட்டர் கிளாஸ்ல வந்துச்சு. வாங்கின விலை, விக்கக்கூடிய விலை, ரெண்டுல எது கம்மியோ அதைத்தான் எழுதணுமாம். ப்ளஸ் ஒன் புக்குலயே இருக்காம்ணே." குரல்ல அவ்வளவு சந்தோஷம். குத்திக்காட்டணும்னு அவன் சொல்லல. எனக்குத்தான் குத்திச்சு. "சாரிடா"ன்னேன். "எதுக்குண்ணே?"ன்னான். அவனுக்கு நிஜமாவே புரியல.

அடுத்த மே மாசமும் உங்களுக்கு போன் வரும். சித்தியோ அத்தையோ, "நீ ஒரு வார்த்தை சொல்லு"ம்பாங்க. எதுவும் சொல்லாதீங்க. போனைப் பையன்கிட்ட குடுக்கச் சொல்லி, அவன் சொல்றதைக் கேளுங்க.

டிஸ்கி: அல்வா அனுப்பினா மட்டும் வாங்கிக்கலாம், தப்பில்ல.